உங்க கெட்ட நாளும் இன்சூரன்ஸ் கம்பெனியோட கெட்ட நாளும் ஒரே நாளா வந்தா?



ஒரு பாலிசி எடுக்கும்போது நாம என்னவெல்லாம் பார்ப்போம்? பிரீமியம் எவ்வளவு, கவர் எவ்வளவு, ரூம் வாடகைக்கு லிமிட் இருக்கா, க்ளெய்ம் செட்டில்மென்ட் ரேஷியோ எத்தனை சதவீதம். இன்னும் கொஞ்சம் விவரமானவங்க சால்வன்சி ரேஷியோவையும் பார்த்துடுவாங்க. ஐஆர்டிஏஐ சொல்ற குறைந்தபட்சம் 1.5. அதுக்கு மேல இருந்தா கம்பெனி கையில பணம் இருக்குன்னு ஒரு நிம்மதி.

எல்லாம் சரிதான். ஆனா இந்த நம்பர்ல எதுவும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாது. புயல் அடிச்சு ஊரே இருட்டா இருக்கிற அன்னிக்கு, இல்லைன்னா கம்பெனியோட சர்வரை யாரோ ஹேக் பண்ணி முடக்கின அன்னிக்கு, உங்க க்ளெய்ம் நகருமா?

இன்சூரன்ஸ்ங்கறதே கெட்ட நாளுக்காக வாங்குற பொருள். அதனால அது நல்ல நாள்ல எப்படி ஓடுதுங்கறதை விட, கெட்ட நாள்ல எப்படி ஓடும்ங்கறதுதான் முக்கியம். இதைத்தான் துறைக்காரங்க 'ஆபரேஷனல் ரெசிலியன்ஸ்'னு சொல்றாங்க. தமிழ்ல செயல்பாட்டுத் தாங்குதிறன்னு வெச்சுக்கலாம். இது கம்பெனி போர்டு ரூம் சமாச்சாரம் மாதிரி தெரியும். ஆனா கடைசியில வந்து விடியறது, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் கவுன்டர்ல நிக்கிற உங்க தலையிலதான். அதனால இன்னிக்கு இதை முழுசா பார்த்துடுவோம்.

அணுபுரம் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச பாடம்

முதல்ல இந்த வார்த்தைக்கு அர்த்தம் புரியணும். அதுக்கு நம்ம பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு.

2004 டிசம்பர் 26. சுனாமி அலை கல்பாக்கம் கரையில ஏறுச்சு. கடலோரம் இருந்த டவுன்ஷிப்ல உயிர்ச்சேதம், வீடுகளுக்குப் பெரிய சேதம். அன்னிக்குச் சென்னை அணுமின் நிலையத்தோட 2வது யூனிட் ஓடிக்கிட்டு இருந்தது. கடல் தண்ணீரை உள்ளே இழுக்கிற பம்ப் ஹவுஸ்ல தண்ணி மட்டம் ஏறி, பம்ப் நின்னு போச்சு. ஆபரேட்டர்கள் உடனே ரியாக்டரைப் பாதுகாப்பா நிறுத்தினாங்க. ரியாக்டர் கட்டடம் பாதிக்கப்படலை. சோதனையெல்லாம் முடிஞ்சு, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட அனுமதியும் வாங்கி, 2005 ஜனவரி தொடக்கத்துலயே மறுபடியும் இயக்கினாங்க.

அலையே வராதுன்னு அங்க யாரும் பந்தயம் கட்டலை. ஏதோ ஒண்ணு வந்தா எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாதுன்னு முன்கூட்டியே முடிவாகியிருந்தது. மின்சார உற்பத்தி நின்னா பரவாயில்லை, ரியாக்டர் குளிர்ச்சி நிக்கக்கூடாது.

தாங்குதிறன்னா இதுதான். பிரச்சினையே வராம தடுக்கிறது வேற வேலை. இது, வந்த பிறகும் முக்கியமான வேலையை விடாம செய்யறது, சீக்கிரமா எழுந்து நிக்கிறது.

மெஷின் நல்லா இருந்தும் வேலை நின்ன நாள்

இன்னொரு உதாரணம், 2015 டிசம்பர் மழை. டிசம்பர் 2ஆம் தேதி 'தி இந்து' ஆங்கில நாளிதழோட சென்னைப் பதிப்பு வரலை. 1878ல ஆரம்பிச்சதுல இருந்து அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. காரணம் என்ன தெரியுமா? மறைமலை நகர்ல இருக்கிற அச்சகத்துக்கு ஊழியர்களால போய்ச் சேர முடியலை. ரோடு எல்லாம் வெள்ளம்.

ஒரு நிறுவனம் எந்த இடத்துல முறியும்னு வெளியில இருந்து பார்த்தா தெரியாது. மெஷின்ல முறியலாம், ஆள்ல முறியலாம், ரோட்டுல முறியலாம், வெளியில இருக்கிற ஒரு சப்ளையர்ல முறியலாம்.

அதே வெள்ளத்துல இன்சூரன்ஸ் துறைக்கும் பெரிய அடி. காப்பீடு செய்யப்பட்ட இழப்பு மட்டும் சுமார் 75 கோடி டாலர்னு சுவிஸ் ரீ நிறுவனம் கணக்கிட்டது. கார், பைக், வீடு, கடை, தொழிற்சாலைன்னு க்ளெய்ம் ஒரே வாரத்துல வந்து குவிஞ்சது. அதே நேரத்துல க்ளெய்மைப் பார்க்க வேண்டிய ஆபீஸும் தண்ணிக்குள்ள, சர்வேயரோட வீடும் தண்ணிக்குள்ள, போன் டவரும் வேலை செய்யலை. க்ளெய்ம் வேலைகளை ஒருங்கிணைக்கத் தனியா ஒரு அதிகாரியை நியமிங்க, நடைமுறையை எளிமையாக்குங்கன்னு ஐஆர்டிஏஐ கம்பெனிகளுக்குச் சொல்ல வேண்டி வந்தது.

இங்கதான் இன்சூரன்ஸ் மத்த தொழில்கள்ல இருந்து வித்தியாசப்படுது. வெள்ளம் வந்தா ஹோட்டலுக்குக் கூட்டம் குறையும், தியேட்டருக்குக் கூட்டம் குறையும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மட்டும் வேலை பல மடங்கு ஏறும். அதோட கை கால் கட்டிப் போட்டிருக்கிற அதே நாள்லதான் அது ஓட வேண்டியிருக்கும். உங்க கெட்ட நாளும் கம்பெனியோட கெட்ட நாளும் ஒரே நாளா வர்றதுக்கு வாய்ப்பு அதிகம்னு தலைப்புல சொன்னது இதனாலதான்.

கம்பெனிகள் கேட்டுக்க வேண்டிய நாலு கேள்வி

பழைய முறையில எல்லாக் கம்பெனியும் 'பிசினஸ் கன்டின்யூட்டி பிளான்'னு ஒண்ணு வெச்சிருக்கும். இந்த ஆபீஸ் போனா அந்த ஆபீஸ், இந்த டேட்டா சென்டர் போனா வேற ஊர்ல இன்னொண்ணு. அது தேவைதான். ஆனா அது கம்பெனியோட பக்கத்துல இருந்து யோசிக்கிறது. புது முறை வாடிக்கையாளர் பக்கத்துல இருந்து ஆரம்பிக்குது. சுருக்கமா நாலு கேள்வி:

1. எந்தச் சேவை நின்னா மக்களுக்கு நிஜமான பாதிப்பு? புது பாலிசி விக்கிற வெப்சைட் ரெண்டு நாள் நின்னா கம்பெனிக்குத்தான் நஷ்டம். கேஷ்லெஸ் அனுமதி ரெண்டு நாள் நின்னா ஒரு குடும்பம் நகையை அடகு வைக்கப் போகும்.

2. அந்தச் சேவை அதிகபட்சம் எவ்வளவு நேரம் நிக்கலாம்? மணிக்கணக்குல ஒரு எல்லை போடணும்.

3. அந்தச் சேவை எதையெல்லாம் நம்பி ஓடுது? ஆட்கள், சாஃப்ட்வேர், க்ளவுட், வெளி ஏஜென்சி, பேங்க்.

4. நிஜமாவே சோதிச்சுப் பார்த்தீங்களா? பேப்பர்ல எழுதி வெச்சா போதாது.

பிரிட்டன்ல இந்த முறை 2022 மார்ச் 31ல இருந்து விதியாவே அமலுக்கு வந்தது. எல்லையை மீறாம இருக்க முடியும்னு நிரூபிக்க 2025 மார்ச் 31 வரைக்கும் டைம் கொடுத்தாங்க. ஐரோப்பிய யூனியன்ல 'டோரா'ங்கற சட்டம் 2025 ஜனவரி 17ல இருந்து பேங்க், இன்சூரன்ஸ் ரெண்டுக்கும் பொருந்துது. நம்ம நாட்டுல ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல்ல பேங்க், என்பிஎஃப்சிகளுக்கு இது பத்தி ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. இன்சூரன்ஸுக்கு ஐஆர்டிஏஐயோட பல உத்தரவுகள்ல இது பிரிஞ்சு கிடக்கு. அதுல உங்களுக்கு நேரடியா பயன்படுறதைக் கொஞ்சம் கீழே பார்ப்போம்.

ஒரு கேஷ்லெஸ் க்ளெய்முக்குப் பின்னாடி எத்தனை கை?

மூணாவது கேள்வியைக் கொஞ்சம் விரிச்சுப் பார்க்கலாம். உங்க அம்மாவை அட்மிட் பண்றீங்க. கார்டை நீட்டுறீங்க. அதுக்கப்புறம் நடக்கிறது இதுதான்:

- ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க் உங்க பேப்பரை ஸ்கேன் பண்ணி போர்ட்டல்ல ஏத்தும்.
- அது டிபிஏங்கற இடைத்தரகு நிறுவனத்துக்கோ, கம்பெனியோட சொந்த க்ளெய்ம் டீமுக்கோ போகும்.
- அங்க ஒரு டாக்டர் பார்ப்பார். கம்பெனியோட சிஸ்டத்துல உங்க பாலிசி நடப்புல இருக்கா, மிச்சம் எவ்வளவுன்னு செக் ஆகும்.
- அந்த சிஸ்டம் வேற யாரோ ஒருத்தரோட க்ளவுட்ல ஓடும். அதைப் பராமரிக்கிறது ஒரு ஐடி கம்பெனி. இதைப் படிக்கிற உங்கள்ல சிலரே சிறுசேரியிலயோ மஹிந்திரா சிட்டியிலயோ அந்த வேலையைப் பார்த்துக்கிட்டு இருக்கலாம்!
- அனுமதி திரும்பி வரும். கடைசியில பேங்க் வழியா பணம் போகும்.

இதுல ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி நிக்கும். இது கற்பனை இல்லை. 2024 பிப்ரவரியில அமெரிக்காவுல 'சேஞ்ச் ஹெல்த்கேர்'ங்கற நிறுவனத்தை ரான்சம்வேர் கும்பல் முடக்குச்சு. பொதுமக்கள்ல பல பேருக்கு அந்தப் பேரே தெரியாது. ஆனா ஆஸ்பத்திரி, மருந்துக் கடை, இன்சூரன்ஸ் கம்பெனி மூணுக்கும் நடுவுல க்ளெய்மைக் கடத்துறது அதுதான். அது நின்னதும் நாடு முழுக்க க்ளெய்ம் வாரக்கணக்குல தேங்குச்சு. அதே வருஷம் ஜூலை 19ஆம் தேதி 'க்ரவுட்ஸ்ட்ரைக்'ங்கற பாதுகாப்பு சாஃப்ட்வேரோட ஒரு தப்பான அப்டேட்டால உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நின்னுச்சு. அதுக்கு எந்தத் திருடனும் தேவைப்படலை.

சென்னையில நடந்தது: ஸ்டார் ஹெல்த் டேட்டா கசிவு

இப்போ நம்ம ஊர்க் கதை. ஸ்டார் ஹெல்த், சென்னையைத் தலைமையிடமா வெச்ச கம்பெனி. தனியா ஹெல்த் இன்சூரன்ஸ் மட்டும் செய்யறவங்கள்ல நாட்டுலயே பெரியது. இதைப் படிக்கிற பல பேர் வீட்டுல அவங்க கார்டு இருக்கும்.

2024 செப்டம்பர்ல ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. டெலிகிராம்ல இருக்கிற சாட்பாட்கள் வழியா ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர்களோட பாலிசி, க்ளெய்ம் ஆவணங்களை யார் வேணும்னாலும் எடுக்க முடியுதுன்னு. பேர், போன் நம்பர், விலாசம், அடையாள அட்டை நகல், டெஸ்ட் ரிப்போர்ட், நோய் விவரம் வரைக்கும். 3.1 கோடி பேரோட டேட்டா தன்கிட்ட இருக்குன்னு அந்த ஹேக்கர் சொல்லிக்கிட்டான். தங்கள்கிட்ட 68,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்ததா கம்பெனி பின்னாடி சொன்னது. டெலிகிராம் மேலயும் ஹேக்கர் மேலயும் சென்னை உயர் நீதிமன்றத்துல வழக்கும் போட்டது.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. எங்க சேவைகள் பாதிக்கப்படலை, வழக்கம்போல நடக்குதுன்னு கம்பெனி சொன்னது. அதாவது தாங்குதிறனோட ஒரு பாதி நின்னுச்சு. ஆனா இன்னொரு பாதி, வாடிக்கையாளரோட ரகசியத்தைக் காப்பாத்துறது. அது உடைஞ்சா பூட்டு மாத்துற மாதிரி மாத்திட முடியாது. பாஸ்வேர்டை மாத்தலாம், கிரெடிட் கார்டை ப்ளாக் பண்ணலாம். உங்க பிறந்த தேதியையும் அப்பாவோட சர்க்கரை ரிப்போர்ட்டையும் எப்படி மாத்துவீங்க?

அதனால 'க்ளெய்ம் கொடுக்கிறாங்களா'ங்கறதோட 'என் விவரத்தைப் பத்திரமா வெச்சிருக்காங்களா'ங்கறதையும் சேர்த்துக் கேட்க வேண்டிய காலம் இது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல, போதுமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யாம டேட்டா கசிஞ்சா ரூ.250 கோடி வரைக்கும் அபராதம் போட இடம் இருக்கு.

விதிகள் உங்க கையில கொடுத்திருக்கிறது என்ன?

கம்பெனிக்குள்ள சர்வர் எப்படி இருக்குன்னு நாம போய்ப் பார்க்க முடியாது. ஆனா அதோட விளைவு நம்மைத் தொடாம இருக்க சில விதிகள் இருக்கு. இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

*கேஷ்லெஸ் நேரக் கெடு.* 2024 மே 29ல வந்த ஐஆர்டிஏஐ மாஸ்டர் சர்க்குலர்படி, கேஷ்லெஸ் கேட்டா 1 மணி நேரத்துக்குள்ள முடிவு சொல்லணும். டிஸ்சார்ஜ் கோரிக்கை ஆஸ்பத்திரியில இருந்து வந்த 3 மணி நேரத்துக்குள்ள இறுதி அனுமதி கொடுக்கணும். அதுக்கு மேல தாமதமாகி, அதனால ஆஸ்பத்திரி கூடுதலா பில் போட்டா, அந்தத் தொகையைக் கம்பெனியே தன்னோட பங்குதாரர் நிதியில இருந்து கட்டணும். கம்பெனியோட தாமதம் உங்க பில்லா மாறக்கூடாதுங்கறதுதான் இதோட சாரம்.

*நெட்வொர்க்ல இல்லாத ஆஸ்பத்திரி.* 2024 ஜனவரியில ஜெனரல் இன்சூரன்ஸ் கவுன்சில் 'கேஷ்லெஸ் எவ்ரிவேர்' திட்டத்தைத் தொடங்குச்சு. முன்னாடியே திட்டமிட்ட சிகிச்சைன்னா அட்மிட் ஆகறதுக்கு 48 மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லணும். அவசரம்னா அட்மிட் ஆன 48 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். கம்பெனி ஒத்துக்கிட்டா, நெட்வொர்க்ல இல்லாத ஆஸ்பத்திரியிலயும் கேஷ்லெஸ் கிடைக்கும். மழையில ரோடு அறுந்து, பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் போக முடியும்ங்கற நிலைமையில இது உதவும்.

*ஹேக் ஆனா கம்பெனி என்ன செய்யணும்.* சைபர் சம்பவம் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள்ள சிஇஆர்டி-இன் அமைப்புக்குத் தகவல் சொல்லணும். இது 2022ல வந்த உத்தரவு. ஐஆர்டிஏஐயும் 2023 ஏப்ரல்ல விரிவான சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதல் கொடுத்தது. சம்பவம் நடந்த பிறகு நிபுணரைத் தேடி ஓடாம, தடயவியல் ஆடிட்டரை முன்கூட்டியே அமர்த்தி வைங்கன்னு 2025 மார்ச்ல சொன்னது.

*கடைசி நாள்ல பேமென்ட் போகலைன்னா.* லைஃப், ஹெல்த் பாலிசிக்கு மாதத் தவணைன்னா 15 நாள், மத்ததுக்கு 30 நாள் கிரேஸ் பீரியட் உண்டு. ஆனா ஒரு முக்கியமான விஷயம். ஹெல்த் பாலிசியில தவணையா கட்டுறவங்களுக்குத்தான் அந்த கிரேஸ் நாள்கள்லயும் கவர் தொடரும். வருஷத்துக்கு ஒரே தடவை கட்டுறவங்க தாமதிச்சா, பழைய வெயிட்டிங் பீரியட் பலன் போகாது. ஆனா அந்த இடைவெளியில ஆஸ்பத்திரியில படுத்தா க்ளெய்ம் கிடைக்காது. கார், பைக் பாலிசிக்கு இந்த கிரேஸே கிடையாது. தேதி முடிஞ்சா கவர் முடிஞ்சது.

நீங்க இந்த வாரம் செய்ய வேண்டிய 7 வேலை

கம்பெனியைக் கேட்ட அதே கேள்வியை இப்போ நம்மையே கேட்டுக்கலாம். எது நின்னா நம்ம வீடு நிக்கும்? அதுக்கு மாத்து என்ன?

1. பாலிசியை கம்பெனி வெப்சைட்டுக்கு வெளியிலயும் வைங்க. இ-இன்சூரன்ஸ் அக்கவுன்ட் ஒண்ணு ஓபன் பண்ணுங்க. ஷேருக்கு டீமேட் மாதிரி, பாலிசிக்கு இது. கேம்ஸ் ரெப், என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் குழும நிறுவனங்கள் மாதிரியான ரெபாசிட்டரிகள் இதை இலவசமா தருது. கம்பெனி சைட் படுத்தாலும் உங்க பாலிசி அங்க இருக்கும். கூடவே ஒரு பிரின்ட் எடுத்து ஜிப் கவர்ல போட்டு வைங்க. கரண்ட் இல்லாத நாள்ல பேப்பர்தான் தெய்வம்.

2. 'முதல் நாள் பணம்' தனியா வைங்க. கேஷ்லெஸ் கிடைக்கும்னு நம்பி கையை வீசிக்கிட்டுப் போகாதீங்க. அனுமதி வர்ற வரைக்கும் ஆஸ்பத்திரி அட்வான்ஸ் கேட்கலாம். எமர்ஜென்சி ஃபண்டுல ரூ.50,000 முதல் ரூ.1 லட்சம் வரைக்கும், உடனே எடுக்கிற மாதிரி சேவிங்ஸ் அக்கவுன்ட்லயோ ஸ்வீப்-இன் எஃப்டியிலயோ இருக்கட்டும். முடிஞ்சா ரெண்டு வேற வேற பேங்க்ல. ஒரு பேங்கோட ஆப் நின்னா இன்னொண்ணு கைகொடுக்கும்.

3. ஆஸ்பத்திரியை இப்பவே தேர்ந்தெடுங்க. அணுபுரம், திருக்கழுக்குன்றம் பக்கம் இருந்தா செங்கல்பட்டு, ஜிஎஸ்டி ரோடு பக்கம் ஒண்ணு, ஓஎம்ஆர் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு நெட்வொர்க் ஆஸ்பத்திரி குறிச்சு வைங்க. ஒரு பக்கம் ரோடு போனா இன்னொரு பக்கம். லிஸ்ட் அடிக்கடி மாறும். அதனால ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு, இந்தக் கம்பெனி கேஷ்லெஸ் இப்போ எடுக்கிறீங்களான்னு கேட்டு உறுதிப்படுத்திக்கோங்க.

4. ஆபீஸ் பாலிசியை மட்டும் நம்பாதீங்க. அணுசக்தித் துறையில நிரந்தர வேலைன்னா சிஹெச்எஸ்எஸ் இருக்கு. ஆனா அதே குவார்ட்டர்ஸ்ல இருந்து பிரைவேட் வேலைக்குப் போறவங்களுக்கும், கான்ட்ராக்ட் கம்பெனியில வேலை பார்க்கிறவங்களுக்கும் ஆபீஸ் குரூப் பாலிசிதான். வேலை போனா அதுவும் போகும். சொந்தமா சின்னதா ஒரு பாலிசி இருந்தா, அது வேற கம்பெனியா இருக்கிறது நல்லது. ஒண்ணு முடங்கினாலும் இன்னொண்ணு நிக்கும். ஹெச்ஆர்கிட்ட நம்ம டிபிஏ யாரு, ராத்திரி 2 மணிக்கு யாரைக் கூப்பிடணும்னு கேட்டு நம்பரை வாங்கி வைங்க.

5. ரினியூவலை ஒரு வாரம் முன்னாடியே முடிங்க. கடைசி நாள் ராத்திரி 11.50க்கு ஓடிபி வரலைன்னா யாரைக் கேட்பீங்க? ஆட்டோ டெபிட் போட்டிருந்தாலும், பணம் போச்சான்னு பார்த்து ரசீதை டவுன்லோட் பண்ணுங்க.

6. வீட்டுல ஒருத்தருக்காவது சொல்லி வைங்க. எந்தக் கம்பெனி, பாலிசி நம்பர், நாமினி யாரு, பேப்பர் எந்த பீரோவுல. உங்க போன் லாக்குக்குள்ள மட்டும் இருக்கிற விவரம், நீங்க ஐசியூவுல இருக்கும்போது யாருக்கும் உதவாது. கல்யாணம் ஆன பிறகும் நாமினி பேரை மாத்தாம இருக்கிறவங்க இன்னிக்கே மாத்துங்க.

7. டேட்டா கசிஞ்சிருச்சுன்னே நினைச்சு நடந்துக்கோங்க. போன்ல வர்றவன் உங்க பாலிசி நம்பரையும் போன வருஷ ஆபரேஷனையும் சரியாச் சொல்றான்ங்கறதுக்காக நம்பாதீங்க. கசிஞ்ச டேட்டாவோட பயனே அதுதான். ஐஆர்டிஏஐ யாருக்கும் போன் பண்ணி பாலிசி விக்காது, போனஸ் தர்றேன்னும் சொல்லாது. போனை வெச்சுட்டு, பாலிசியில அச்சடிச்ச நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க. ஆதார் பயோமெட்ரிக்கை லாக் பண்ணுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை இலவச கிரெடிட் ரிப்போர்ட் எடுத்து, உங்க பேர்ல தெரியாத லோன் இருக்கான்னு பாருங்க. பணம் போயிருச்சுன்னா உடனே 1930.

புதுசா பாலிசி எடுக்கப் போறீங்களா?

ரெண்டு எளிய சோதனை சொல்றேன். ஒண்ணு, கம்பெனி வெப்சைட்டோட அடியில 'பப்ளிக் டிஸ்க்ளோஷர்ஸ்'னு ஒரு பகுதி இருக்கும். அதுல க்ளெய்ம் எத்தனை நாளா தேங்கிக் கிடக்குது, எத்தனை புகார் வந்து எத்தனை தீர்ந்ததுன்னு காலாண்டு வாரியா போட்டிருப்பாங்க. செட்டில்மென்ட் ரேஷியோ 'கொடுத்தாங்களா'ன்னு மட்டும்தான் சொல்லும். இது 'எவ்வளவு நாள்ல'ன்னும் சொல்லும். புயல், வெள்ளம் வந்த காலாண்டை அதுக்கு முந்தின காலாண்டோட ஒப்பிட்டுப் பாருங்க. அங்க தெரிஞ்சிடும்.

ரெண்டு, ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி 11 மணிக்கு அவங்க ஹெல்ப்லைனுக்குக் கூப்பிட்டுப் பாருங்க. வாங்கறதுக்கு முன்னாடியே போன் எடுக்காதவங்க, வாங்கின பிறகு எடுப்பாங்கன்னு எந்த நம்பிக்கையில இருக்கிறது?

எல்லாம் செஞ்சும் சிக்கல் வந்தா?

படிப்படியா போங்க. முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஈமெயில். போன்ல பேசினது கணக்குல வராது. எழுத்துல இருக்கணும். எத்தனை மணிக்குக் கோரிக்கை போச்சு, எத்தனை மணிக்குப் பதில் வந்ததுன்னு நேரத்தோட குறிச்சு வைங்க. 3 மணி நேர விதியை நிரூபிக்க அதுதான் ஆதாரம். அடுத்து ஐஆர்டிஏஐயோட 'பீமா பரோசா' போர்ட்டல், இல்லைன்னா 155255.

ஒரு மாசத்துல தீரலை, இல்லை பதில் திருப்தியா இல்லைன்னா, இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கு சென்னையில அலுவலகம் இருக்கு. ரூ.50 லட்சம் வரைக்குமான புகாரை எடுப்பாங்க. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி கைவிரிச்ச ஒரு வருஷத்துக்குள்ள போகணும். தீர்ப்பு வந்து 30 நாள்ல கம்பெனி நிறைவேத்தலைன்னா, நாளுக்கு ரூ.5,000 உங்களுக்குக் கொடுக்கணும்.

கடைசியா…

நம்ம கடற்கரைக்கு டிசம்பர் மாசம் எப்படிப்பட்டதுன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2004ல சுனாமி, 2015ல வெள்ளம், 2016ல வர்தா, 2023ல மிக்ஜாம். எல்லாமே டிசம்பர்தான். அடுத்தது எந்த வருஷம்னு தெரியாது, அவ்வளவுதான்.

கம்பெனிகளைத் தாங்குதிறனோட இருக்கச் சொல்றது ஐஆர்டிஏஐ வேலை. அது நடந்துக்கிட்டு இருக்கு, மெதுவா. ஆனா ஒரு பிரின்ட், ரெண்டு ஆஸ்பத்திரி பேர், முதல் நாள் பணம், வீட்டுல ஒருத்தருக்கு விவரம். இது நாலையும் நீங்க இந்த ஞாயித்துக்கிழமையே முடிச்சிடலாம். மொத்தமா ரெண்டு மணி நேரம்கூட ஆகாது.

இ-இன்சூரன்ஸ் அக்கவுன்ட் ஓபன் பண்றது எப்படின்னு ஸ்டெப் பை ஸ்டெப்பா நம்ம சேனல்ல வீடியோவா போடலாம்னு இருக்கேன். அதுல வேற என்ன சந்தேகம் சேர்க்கணும்னு கமென்ட்ல சொல்லுங்க. ஆனா உங்க பாலிசி நம்பரை மட்டும் கமென்ட்ல போட்டுடாதீங்க!

இந்தப் பதிவை உங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு தடவை அனுப்பி விடுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.